மின்சார பைக் விலை பேசுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு ஷோரூம். சித்தப்பா தன் மகனுக்கு மின்சார பைக் எடுக்கப் போயிருந்தார், துணைக்கு நான். ஏசி காற்று, கையில் ஏலக்காய் டீ. சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "கடைசியா எவ்வளவுப்பா?" விற்பனைப் பையன் கால்குலேட்டரைத் தட்டினான், மேனேஜர் அறைக்குள் போய் வந்தான், "உங்களுக்காக ரெண்டாயிரம் குறைக்கச் சொல்லிட்டாருங்கய்யா" என்றான். சித்தப்பா முகத்தில் அப்படியொரு திருப்தி. என் கையில் இருந்த கொட்டேஷன் தாளில் 1,60,000 என்று போட்டிருந்தது.

அன்றைக்கு வாங்காமல் அவரை எழுப்பிக்கொண்டு வந்தது எனக்குப் பெரும்பாடு. மூன்று வாரம் கழித்து அதே மாடலை, அதே நிறத்தில் 1,44,900க்கு எடுத்தோம். இத்தனைக்கும் எக்ஸ் ஷோரூம் விலையில், அதாவது பதிவும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலையில், ஒரு ரூபாய்கூட யாரும் குறைக்கவில்லை. அந்த 15,100 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர். அங்கே ஒரு மாடு, ஒரு விலை. ஷோரூமில் அப்படி இல்லை. ஒரு வண்டிக்கு ஏழு விலை. ஏழையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவார்கள். "கடைசியா எவ்வளவு" என்று கேட்ட நிமிடமே அந்த ஏழும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

கடை வாசலை மிதிக்கும் முன்

சித்தப்பா வீடு நீடாமங்கலம், தம்பிக்கு வேலை தஞ்சாவூரில். போக வர தினம் 60 கிலோமீட்டர் சொச்சம். விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர் என்று சொன்னால் அதில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே கணக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். பின்னால் ஆள் ஏறினால், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் குறையும். உங்கள் தினசரி ஓட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நிஜமாகக் கொடுக்கும் பேட்டரி போதும். அதற்கு மேல் பெரிய பேட்டரி என்றால் காரணமில்லாமல் இருபது முப்பதாயிரம் கூடக் கொடுக்கிறீர்கள்.

அடுத்து சர்வீஸ் சென்டர். இது தெருமுனை மெக்கானிக் பிரித்துப் பார்க்கிற வண்டி இல்லை. மோட்டாரை இயக்குகிற கண்ட்ரோலரில் கோளாறு என்றால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும். திருத்துறைப்பூண்டியில் நின்றுபோன வண்டியை டாடா ஏஸில் ஏற்றித் தஞ்சாவூர் கொண்டுபோகிற செலவோடு ஒப்பிட்டால் நாம் பேசிக் குறைக்கிற சில ஆயிரம் பெரிதில்லை. ஸ்கூட்டர் விற்பவர்கள் சின்ன ஊருக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பைக் தேடும்போது எங்களுக்குத் தேர்வு சட்டென்று சுருங்கிப்போனது. பைக்கின் அழகைப் பார்க்கும் முன், அந்த மாடலை ஒரு வருடமாக ஓட்டும் ஒருவரைப் பிடித்து, சர்வீஸுக்கு விட்டால் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். பெட்ரோல் பங்க் வாசல், கல்லூரி வண்டி நிறுத்தம் என்று பச்சை நம்பர் பிளேட் கண்ணில் பட்டால் போதும், ஆள் கிடைத்துவிடுவார். மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதைப் பற்றிப் பேசுவதில் அலுப்பே கிடையாது.

யாரிடம் விலை பேச முடியும், யாரிடம் முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓலா போல நிறுவனமே கடை நடத்துகிற இடத்தில் கவுண்டரில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஆப்பில் காட்டுவதுதான் விலை, அவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. டீலர் முதல் போட்டு நடத்தும் கடையில்தான் பேரத்துக்கு இடம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று மலிவாகச் சில வண்டிகள் விற்கிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த விலக்கு. நாற்பதில் பறக்கிற வண்டியைக் காட்டி அப்படிச் சொன்னால் அந்தக் கடையில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

டெல்டாவில் வண்டி விற்பனை நெல்லோடு ஓடுகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். அந்த நாட்களில் ஷோரூமில் உட்கார நாற்காலி கிடைக்காது. யார் கையில் எப்போது பணம் இருக்கிறது என்பது டீலருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நெல் பணம் வந்த சூட்டோடு போனால் ஹெல்மெட்கூட ஓசியில் வராது. அட்சய திருதியை, ஆயுத பூஜை, தீபாவளி நாட்களும் அப்படித்தான். கம்பெனி அறிவித்த சலுகை எல்லோருக்கும் கிடைக்கும், அதற்கு மேல் டீலர் தன் கையிலிருந்து எதையும் விட மாட்டார்.

ஆடியில் கூட்டம் குறைவு, பேச நேரம் இருக்கும். ஆனால் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் போகாதீர்கள். அன்று கேசரி கிடைக்கும், தள்ளுபடி கிடைக்காது.

என்னைக் கேட்டால் மார்கழிதான் மாதம். டிசம்பர் நடுவில் பிறந்து பொங்கலோடு முடிகிற மாதம். புது வண்டி எடுக்க நம் ஆட்கள் தயங்கும் நாட்கள். அதே சமயம் டிசம்பர் 31 தாண்டினால் கடையில் நிற்கிற வண்டியெல்லாம் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். மாத இலக்கு, காலாண்டு இலக்கு, வருடக் கடைசி எல்லாம் ஒன்றாக வந்து விற்பனைப் பையன் தலையில் உட்காரும் வாரம் அது. மார்கழியில் விலை பேசி முடித்து, தை பிறந்ததும் டெலிவரி எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பு வருடம் பழையது என்பதால் பின்னாளில் விற்கும்போது மதிப்புக் கொஞ்சம் குறையும். அதையே காரணம் காட்டி இன்றைக்கே குறைக்கச் சொல்லுங்கள்.

மார்கழித் தள்ளுபடியில் ஒரு கண்ணி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோடவுனுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியும் அந்த மாதம்தான் மலிவாக வரும். பிரேக் டிஸ்க்கின் ஓட்டைகள், ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் கனெக்டர் இந்த மூன்றிலும் காய்ந்த சேறோ புதுத் துருவோ தெரிகிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் இருக்கலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். இரண்டு நாள் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அது காப்பு ஆகாது.

அப்புறம் முகூர்த்த நாள். "வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்கு எடுத்தே ஆகணும்" என்று சித்தி முதல் நாளே சொல்லிவிட்டார். விற்பனைப் பையன் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பேரம் அங்கேயே பாதி போயிற்று. விலை எழுத்தில் வரும்வரை நாள் நட்சத்திரத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் பணப் பேச்சு வேண்டாம்

ஓட்டிப் பார்ப்பது ஒரு நாள், விலை பேசுவது வேறொரு நாள். வண்டியில் ஏறி இறங்கிய உற்சாகத்தில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. பின்னால் ஒருவரை ஏற்றி, ஏதாவதொரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு எத்தனை சதவீத சார்ஜ் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்குச் சின்னக் குறை இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் நேரம் வரும்.

மூன்று ஊர், மூன்று தாள்

டெல்டாவில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, ஊர்கள் பக்கம் பக்கமாக இருப்பது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் எதுவும் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று ஊர் டீலரிடமும் ஒரே மாடலுக்கு விலை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம், விசிட்டிங் கார்டின் பின்னால் கிறுக்கிய எண்ணும் வேண்டாம். கடை பெயர் அச்சடித்த தாளில், ஒவ்வொரு இனத்துக்கும் தனி விலை போட்டு, தேதியோடு வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. 'ஆன் ரோடு 1,60,000' என்று ஒரே வரியில் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து ஊர் டீலரிடம் வாங்கினால் பதிவுக்குச் சிக்கல் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம். சித்தப்பாவுக்கு நம்பர் டி.என். 50இல்தான் வரவேண்டும், 68 வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார் என்று ஒரு கவலை. திருவாரூர்க்காரர் வண்டியில் கும்பகோணம் நம்பர் இருந்தால் அது ஓடாமல் போய்விடாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

தாளை வரிவரியாகப் படிப்பது

எங்களுக்கு வந்த தாளில் இருந்தது இதுதான். எக்ஸ் ஷோரூம் 1,28,000. ஆர்டிஓ 4,500. இன்சூரன்ஸ் 9,200. ஹேண்ட்லிங் 2,500. ஆக்சஸரீஸ் 6,800. கூடுதல் வாரண்டி 7,500. சாலையோர உதவித் திட்டம் 1,500. மொத்தம் 1,60,000.

எக்ஸ் ஷோரூம். கம்பெனி நிர்ணயிப்பது, 5 சதவீத ஜிஎஸ்டி உள்பட. மின்சார வண்டிக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 ஆனது. இந்த விலையில் டீலருக்கு நிற்பது மெலிசான லாபம். ஆயில் மாற்றுவது, கிளட்ச் ஒயர் என்று சர்வீஸில் வரும் பிற்பாட்டு வருமானமும் பெரிதாக இல்லை. அதனால்தான் தாளின் மற்ற ஆறு வரிகளிலும் கை வைக்கிறார்கள். தாளின் இந்த முதல் வரியில் முட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கம்பெனி இணையதளத்தில் தமிழ்நாட்டு விலை என்ன போட்டிருக்கிறதோ அதுதானா என்று மட்டும் சரிபாருங்கள்.

இங்கே கேட்க வேண்டியவை இரண்டு. சார்ஜர் இந்த விலைக்குள் இருக்கிறதா? முன்பு சில பெரிய நிறுவனங்கள் சார்ஜரைத் தனி பில்லில் விற்று, வண்டி விலையைக் குறைத்துக் காட்டின. 2023இல் மத்திய அரசு தலையிட்ட பிறகு அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இரண்டாவது, ஓட்டிப் பார்த்த வண்டியில் இருந்த வசதியெல்லாம் இந்த விலையில் வருமா? மேப், கூடுதல் ரைடிங் மோடு, வேகமான சார்ஜிங் இவையெல்லாம் தனிக்காசு கொடுத்துத் திறக்கும் 'பேக்'காக இருக்கலாம். டெஸ்ட் டிரைவ் வண்டியில் எல்லாம் திறந்தே இருக்கும்.

மானியம். "மானியம் வாங்கித் தர்றோம் சார்" என்பதை டீலரின் சலுகையாக எண்ண வேண்டாம். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணி கொள்ளளவுக்கும் 5,000 ரூபாய், அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரல் முதல் அது பாதியாகி 2,500, அதிகபட்சம் 5,000 ஆனது. தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு இது கிடையாது. நீங்கள் வாங்கும் நாளில் திட்டம் நடப்பில் இருந்தால் அந்தத் தொகை பில்லிலேயே கழிந்திருக்க வேண்டும். ஆதார் அடிப்படையில் முகத்தைப் படம் எடுத்து உறுதிசெய்து, மின் வவுச்சர் தருவார்கள். மானியம் கழித்த விலையைக் காட்டிவிட்டு, அதையே 'எங்கள் டிஸ்கவுண்ட்' என்று இரண்டாவது முறையும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

ஆர்டிஓ. எங்களுக்கு நெருடிய வரி இது. மின்சார வண்டிக்கு பதிவுச் சான்றுக் கட்டணமே வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் சாலை வரிக்கும் முழு விலக்கு தந்திருந்தார்கள். 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் அது 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் வாங்கும் தேதியில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விலக்கு இருக்கிற நாளில் மிஞ்சுவது ஸ்மார்ட் கார்டு, கடன் இருந்தால் அதைப் பதிகிற கட்டணம், இப்படிச் சில்லறைச் செலவுகள்தான்.

"4,500 எதுக்கு தம்பி?"

"ஆர்டிஓ செலவு சார். எல்லாருக்கும் அதான்."

"சரி. எவ்வளவுக்கு ரசீது வருதோ அவ்வளவும் கொடுத்துடுறேன்."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மேனேஜர் அறைக்குப் போய் வந்தபோது அது 1,200 ஆகியிருந்தது. அந்த 1,200க்கும் முழு ரசீது வரவில்லை என்பது வேறு கதை, அதற்கு மேல் நானும் இழுக்கவில்லை.

இன்சூரன்ஸ். புது இருசக்கர வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த அட்டவணையில் மின்சார இருசக்கர வண்டிக்கு 5 வருடத் தொகை, மோட்டார் 3 கிலோவாட் வரை 2,466, 3 முதல் 7 வரை 3,273, 7 முதல் 16 வரை 6,260. ஜிஎஸ்டி தனி. கிலோவாட் என்பது மோட்டாரின் திறன். பேட்டரியின் கொள்ளளவு கிலோவாட் மணி. இரண்டையும் குழப்பி மேல் அடுக்கில் போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

பேரம் சொந்தச் சேதப் பகுதியில்தான், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான காப்பீட்டில். அதில் டீலருக்குக் கமிஷன் உண்டு. 'எங்க கம்பெனி இன்சூரன்ஸ்தான் எடுக்கணும்' என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். வீட்டிலேயே இணையத்தில் அதே மாடலுக்கு, அதே காப்பீட்டு மதிப்புக்கு, தேய்மானக் கழிவு இல்லாத ஜீரோ டெப் உள்பட ஒரு கணக்கு எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 6,400 வந்தது. அதைக் காட்டியதும் டீலரும் அதே தொகைக்கு வந்துவிட்டார். விலை சமமானால் டீலரிடமே எடுப்பது நல்லது. விபத்து க்ளெய்ம் வந்தால் அலைச்சல் குறையும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதை மறுபடி சேர்க்க வேண்டியதில்லை.

ஹேண்ட்லிங். லாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததற்குக் கூலியாம். கம்பெனி விலைப்பட்டியலில் இந்த இனமே கிடையாது. "இதுக்கு தனியா ஜிஎஸ்டி பில் தருவீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் தாளில் அந்த வரி பேனாவால் அடிக்கப்பட்டது, வேறு பேச்சு இல்லை.

ஆக்சஸரீஸ். 6,800க்கு உள்ளே என்ன என்று பிரிக்கச் சொன்னேன். ஹெல்மெட் 1,600, சாரி கார்டு 900, கிராஷ் கார்டு 1,800, சீட் கவர் 700, வண்டி மூடும் உறை 800, டெஃப்லான் பூச்சு 1,000. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் விதி 138, இருசக்கர வண்டி விற்கும்போதே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரமுள்ள ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்கிறது. விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கம்பி, பின் சக்கரத்தில் பாதியை மறைக்கும் தடுப்பு இவையெல்லாம் வண்டியோடு இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்புதான் நாம் சாரி கார்டு என்று காசு கொடுத்து வாங்குவது. விதி எண்ணைச் சொன்னதும் பையன் எழுந்து நின்றுவிட்டான். 'சட்டம் படிச்சவரா சார்?' என்று கேட்டான். இல்லை தம்பி, முந்தாநாள் இரவு படித்தேன். சீட் கவரும் உறையும் வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும். பூச்சு வேண்டாம். கிராஷ் கார்டு மட்டும் எடுத்தோம்.

கூடுதல் வாரண்டி. இதை மட்டும் நான் வெட்டவில்லை. வாரண்டியில் எல்லோரும் வருடத்தைப் பார்க்கிறார்கள், கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. தம்பி தினம் 60 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 18,000 கிலோமீட்டர். 3 வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர் என்று போட்ட வாரண்டி அவனுக்கு 20 மாதத்தில் தீர்ந்துவிடும். தூரம் ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர் வரம்பை உயர்த்தும் வாரண்டிக்குக் கொடுக்கும் காசு தகும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டிக்கு அவசியமில்லை. பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். 70 என்று பல கம்பெனிகள் போடுகின்றன.

சாலையோர உதவி. முதல் வருடம் கம்பெனியே இலவசமாகத் தருகிறதா என்று பாருங்கள். எங்களுக்குத் தந்தது. அதையே 1,500க்கு விற்றிருந்தார்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால்

வண்டி விலை பேசி முடியும்வரை ரொக்கமா கடனா என்று சொல்லாதீர்கள். கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள். கடன் என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கடைக்கு ஒரு தொகை வரும். அதை எதிர்பார்த்து வண்டி விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். முதலிலேயே ரொக்கம் என்று மார்தட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். ரொக்கத்துக்குத் தனி மரியாதை இருந்தது பழைய காலம்.

வட்டியில் 'ஃபிளாட் 9 சதவீதம்தான்' என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். ஒரு லட்சம், 3 வருடம், ஃபிளாட் 9 என்றால் வட்டி 27,000, மாதத் தவணை சுமார் 3,528. நாம் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம், வட்டியோ கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போட்டால் இது 16 சதவீதத்துக்கு மேல். உங்கள் வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ 12 சதவீதம் என்று சொன்னாலும் இதைவிட மலிவு. செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இரண்டையும் கேளுங்கள். 'மின்சார வண்டிக் கடன் வட்டிக்கு 80இஇபி பிரிவில் வருமான வரிச் சலுகை' என்று இன்னும் சிலர் சொல்லி விற்கிறார்கள். 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்குத்தான் அது.

பழைய வண்டியை உள்ளே இழுக்காதீர்கள்

சித்தப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டருக்கு 'எக்ஸ்சேஞ்சில் 18,000, அதோட போனஸ் 3,000' என்றார்கள். அதே வண்டியை மன்னார்குடியில் ஒரு மெக்கானிக் 24,000க்குக் கேட்டார். இரண்டு பேரத்தை ஒன்றாக்கினால் ஒன்றில் கொடுத்து மற்றதில் எடுத்துவிடுவார்கள். புது வண்டி விலை எழுத்தில் வந்த பிறகு பழையதைப் பேசுங்கள். வெளியில் விற்றால் ஆர்சி பெயர் மாற்றம் முடியும்வரை வாங்கியவரை விடாதீர்கள்.

பேசும் விதம்

இரண்டு பேர் போதும். குழந்தைகளை அழைத்துப்போனால் அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் எந்தப் பேச்சும் எடுபடாது. கோபப்படாதீர்கள். நாளைக்கு சர்வீஸுக்கு இதே பையன் முகத்தில்தான் விழிக்க வேண்டும், அவனுக்கும் மாத இலக்கு இருக்கிறது.

மற்ற இரண்டு ஊர்த் தாளை எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். 'அவர் இன்சூரன்ஸில் குறைவாகப் போட்டிருக்கிறார், இவர் ஹேண்ட்லிங் போடவில்லை, நீங்கள் பக்கத்தில் இருப்பதால் உங்களிடம் வாங்க ஆசை' என்று உள்ளதைச் சொன்னால் போதும். பொய்த் தாள் காட்ட வேண்டாம், டீலர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். சித்தப்பாவுக்கு அது வரவே இல்லை. பையன் யோசிக்கும்போதே "சரி, ஒரு ஆயிரம் கூடப் போட்டுக்கப்பா" என்று ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

பணம் இதற்கு மேல் இறங்காது என்று தெரிந்தால் பொருளுக்கும் வேலைக்கும் மாறுங்கள். வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் போட்டு, எர்த் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் எர்த்தே இருக்காது, மின்சார வண்டிக்கு அது ஆகாது. ஓட்டிப் பார்த்த அன்று மனதில் குறித்த குறையையும் இங்கே எடுத்துப் போடுங்கள். நடுவில் ஒரு சொல்: மோட்டார் கொட்டகையில் இலவசப் பாசன மின்சாரத்தில் சார்ஜ் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த இணைப்பு பம்புசெட்டுக்கு மட்டும், மாட்டினால் இணைப்பே போகும்.

அட்வான்ஸ் முதல் டெலிவரி வரை

அட்வான்ஸை கடையின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், விற்பனையாளர் சொந்த எண்ணுக்கு ஜிபே வேண்டாம். ரசீதில் மூன்று விஷயம் இருக்கட்டும். பேசி முடித்த ஏழு வரி விலை, டெலிவரி தேதி, வண்டி வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது. நடுவில் மானியம் குறைந்தால் அந்த வித்தியாசம் யார் தலையில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்துப் பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மீதிப் பணம் கட்டும் முன் உங்கள் பெயருக்கு ஒதுக்கிய வண்டியை நேரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2225 என்றால் 2025ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் செய்த டயர். வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். ஆறேழு மாதம் நின்ற வண்டி என்றால், இடையில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். சார்ஜ் அடியோடு இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி கெடும். சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து பில்லோடு ஒப்பிடுங்கள்.

டெலிவரி அன்று பில், காப்பீட்டுத் தாள், விற்பனைச் சான்றான ஃபார்ம் 21, தயாரிப்பாளர் தரும் ஃபார்ம் 22, வாரண்டித் தாள், இரண்டு சாவி எல்லாம் கைக்கு வரவேண்டும். ஆப்பில் உரிமையாளர் எண் உங்களுடையதாக இருக்கட்டும். எங்களுக்கு அது விற்பனைப் பையனின் எண்ணிலேயே இருந்தது, தம்பி போகுமிடமெல்லாம் இரண்டு நாள் அவனுக்கு மேப்பில் தெரிந்துகொண்டிருந்தது. கடைசியாகச் சார்ஜர். அதன் அடியில் ஒரு சீரியல் எண் ஒட்டியிருக்கும். அது பில்லில் இல்லையென்றால் பேனாவால் எழுதி, கடை முத்திரை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சார்ஜர் பழுதாகிற அன்று 'இது நாங்க கொடுத்ததா?' என்ற கேள்வி வரும். பூசாரி காத்திருக்கட்டும். முத்திரை விழுந்த பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கலாம்.